கேளுங்க, சொல்றேன்: காலேஜ் கோச் டிவியிலயும் நிஜத்துலயும்

போன இதழ்ல ஹேடன் ஃபாக்ஸ்ங்கற காலேஜ் ஃபுட்பால் கோச்சோட கதையான 'கோச்'ங்கற பழைய அமெரிக்க காமெடி சீரியலைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பாத்தா சீரியலை விட அந்த ஊர் காலேஜ் கோச்சுங்களைப் பத்திதான் எல்லாரும் கேட்டிருக்கீங்க, அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், கீழ ஃபுட்பால்னு வர்ற இடமெல்லாம் ஹெல்மெட் போட்டு மோதிக்கிற அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்ல.

கே: அந்த சீரியல்ல வர்ற ஹேடன் ஃபாக்ஸ் நிஜமா இருந்த ஆளா?
திண்டுக்கல் வாசகர்

ப: ஆள் கற்பனை, பேர்ல பாதி நிஜம். 1989லேர்ந்து 1997 வரைக்கும் ஏபிசி சேனல்ல ஓடின சீரியல் அது. உருவாக்கின பாரி கெம்ப் அயோவா யுனிவர்சிட்டில படிச்சவரு, அந்த யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீமுக்கு அப்போ கோச்சா இருந்தவர் ஹேடன் ஃப்ரை, அவர் பேரை எடுத்துதான் ஹேடன் ஃபாக்ஸ்னு வெச்சாரு.

எனக்கு சீரியல்ல வர்ற ஃபாக்ஸை விட நிஜ ஃப்ரையைத்தான் ரொம்பப் பிடிக்கும். டெக்சாஸ்காரர், சைக்காலஜி படிச்சவர். 1979ல அவர் அயோவாவுக்கு வந்தப்போ அந்த டீம் 17 வருஷமா ஒரு சீசன்ல கூட தோத்ததை விட ஜாஸ்தி ஜெயிச்சது கிடையாது, அவர் வந்த மூணாவது சீசன்லயே, 1981ல, லீக்ல முதலிடத்தைப் பங்கு போட்டுக்கிட்டு ரோஸ் பவுல்ங்கற பெரிய மேட்ச் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாரு. வெளியூர் டீம் டிரஸ் மாத்தற ரூமுக்கு பிங்க் பெயின்ட் அடிச்சு வெச்சவர் இவர்தான், அந்தக் கலர் மனசை சாந்தமாக்கிடும், எதிராளியோட வேகம் குறையும்னு ஒரு கணக்கு. 1985ல அயோவா விவசாயிங்க கடன்ல மூழ்கி நிலத்தை இழந்துக்கிட்டு இருந்தாங்க. அப்போ அமெரிக்காவுக்கு விவசாயிங்க வேணும்னு அர்த்தம் வர்ற மூணு எழுத்து ஸ்டிக்கரை பசங்க ஹெல்மெட்ல ஒட்ட வெச்சாரு, டிவில மேட்ச் பாக்கற மொத்த நாடும் அதைப் பாக்கட்டும்னு.

அதுக்கெல்லாம் முன்னாடி நடந்த ஒரு விஷயம் இருக்கு, அதை நான் இன்னும் பெருசா நினைக்கிறேன். அயோவாவுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி அவர் டெக்சாஸ்ல சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிட்டில கோச்சா இருந்தாரு. அந்த யுனிவர்சிட்டி ஆடின லீக்ல கறுப்பினப் பசங்களுக்கு ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் குடுக்கற வழக்கமே இல்லாத காலம். 1965ல போமான்ட் ஊர்ப் பையன் ஜெர்ரி லெவையஸுக்கு ஸ்காலர்ஷிப் குடுத்து எடுத்தாரு, அந்த லீக்லயே அதுதான் முதல் தடவை. பையனுக்கு கொலை மிரட்டல் வந்துச்சு, கோச்சுக்கும் திட்டி திட்டி கடிதம் வந்துச்சு, ரெண்டு பேரும் பின்வாங்கல, 1966ல அந்த டீம் லீக் சாம்பியன் ஆச்சு. இதை எந்த காமெடி சீரியல்ல காட்ட முடியும் சொல்லுங்க.

இன்னொரு வித்தியாசமும் சொல்லிடறேன். சீரியல்ல ஃபாக்ஸுக்கு லூத்தர், டாபர்னு ரெண்டு அசிஸ்டன்ட், ரெண்டு பேருமே அப்பாவிங்க, எதைக் குடுத்தாலும் சொதப்புவாங்க. நிஜ ஃப்ரைகிட்ட அசிஸ்டன்ட்டா இருந்தவங்க பில் ஸ்னைடர், பேரி ஆல்வரெஸ், கர்க் ஃபெரென்ட்ஸ், பாப் ஸ்டூப்ஸ். ஃபுட்பால் தெரிஞ்சவங்க இந்தப் பேரைக் கேட்டா எழுந்து உக்காருவாங்க, ஒவ்வொருத்தரும் பின்னால தனியா ஒரு பெரிய டீமை வளர்த்தெடுத்தவங்க. 1999ல ஃப்ரை விட்டுட்டுப் போன நாற்காலில வந்து உக்காந்ததும் அதே ஃபெரென்ட்ஸ்தான்.

கே: மினசோட்டா ஸ்டேட் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கா?
விருதுநகர் வாசகர்

ப: சீரியல்ல ஃபாக்ஸ் வேலை பாக்கற யுனிவர்சிட்டி பேரு அது, சீரியல் ஓடறப்போ நிஜத்துல அந்தப் பேர்ல எதுவும் இல்ல. அது முடிஞ்சு கொஞ்ச நாள்லயே, 90களோட கடைசில, மன்கேட்டோ ஊர்ல இருந்த யுனிவர்சிட்டி அந்தப் பேரை எடுத்துக்கிச்சு.

கே: என் பொண்ணு அமெரிக்கால பிஎச்.டி பண்றா. அவங்க யுனிவர்சிட்டில புரொஃபசரை விட, ஏன் பிரசிடென்ட்டை விட, ஃபுட்பால் கோச்சுக்கு பல மடங்கு சம்பளம்னு சொன்னா. நம்பவே முடியல, உண்மையா?
சென்னை வாசகி

ப: உண்மைதாம்மா. அங்க பெரும்பாலான மாநிலங்கள்ல அரசாங்கச் சம்பளப் பட்டியல்ல முதல் பேரு கவர்னரோடது இல்ல, ஏதாவது ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி ஃபுட்பால் கோச்சோடதோ பாஸ்கெட்பால் கோச்சோடதோதான் இருக்கும். அலபாமா யுனிவர்சிட்டில ஃபுட்பால் கோச்சா இருந்த நிக் சேபன் கடைசி வருஷங்கள்ல வருஷத்துக்கு ஒரு கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல வாங்கினாரு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில 2023 நவம்பர்ல ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை காண்ட்ராக்ட் முடியறதுக்கு முன்னாடியே வேலையை விட்டு எடுத்தாங்க, மிச்ச வருஷத்துக்காகக் குடுக்க வேண்டி வந்தது கிட்டத்தட்ட 7 கோடியே 60 லட்சம் டாலர். வேலை செய்யாம இருக்கறதுக்கான காசு அது!

காசு எங்கேர்ந்து வருதுன்னு கேப்பீங்க. ஸ்டுடன்ட்ஸ் ஃபீஸ்னு நினைச்சுடாதீங்க, பெரிய டீமுங்களுக்கு முக்கியமா டிவிதான். அயோவா ஆடற பிக் டென் லீக் மட்டும் 2022ல கையெழுத்து போட்ட ஏழு வருஷ டிவி ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல. அதுக்கு மேல டிக்கெட் (மிச்சிகன் ஸ்டேடியத்துல மட்டும் 1,07,000 பேருக்கு மேல உக்காரலாம்), அதுக்கும் மேல பழைய மாணவர்கள் அள்ளிக் குடுக்கற நன்கொடை. இவ்வளவு பணமும் புரண்ட இத்தனை வருஷம், விளையாடின பசங்களுக்கு மட்டும் ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்க இடம், அவ்வளவுதான். தன் பேரை வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கவே 2021 ஜூலைலதான் அனுமதிச்சாங்க. காலேஜே நேரா பங்கு குடுக்கலாம்னு ஆனது 2025ல, அதுவும் கோர்ட்டு வழக்கு சமரசத்துல. அடிவாங்கி முட்டி கிழிஞ்சு வீட்டுக்குப் போன எத்தனையோ பசங்களுக்கு அது வர்றதுக்குள்ள காலம் போயிடுச்சு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு.

கோச் சம்பளம் எப்பவும் இப்படி இருந்ததில்ல. லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யுசிஎல்ஏ யுனிவர்சிட்டில 1975 வரைக்கும் ஜான் வுடன்னு ஒரு பாஸ்கெட்பால் கோச் இருந்தாரு, 12 வருஷத்துல 10 தேசிய சாம்பியன்ஷிப், அதுல ஏழு தொடர்ச்சியா. அவர் சம்பளம் வருஷத்துக்கு 35,000 டாலரைத் தாண்டினதே இல்ல.

கே: சினிமா, சீரியல் எல்லாத்துலயும் ஹாஃப் டைம்ல கோச் உணர்ச்சிகரமா பேசுவாரு, உடனே டீம் ஜெயிச்சிடும். நிஜத்துல அப்படி நடக்குமா?
சேலம் வாசகர்

ப: இந்தக் காட்சிக்கு மூலமே ஒரு நிஜ மேட்ச்தான் சார். 1928, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், நோட்டர்டேம் யுனிவர்சிட்டி டீமும் ராணுவ அகாடமியோட ஆர்மி டீமும், பாதி ஆட்டம் வரைக்கும் 0-0. நோட்டர்டேம் கோச் நூட் ராக்னி, எட்டு வருஷம் முன்னாடி நோயில செத்துப்போன தன் பிளேயர் ஜார்ஜ் கிப்போட கடைசி ஆசைன்னு சொல்லி, அந்தப் பையனுக்காக ஒரு மேட்ச் ஜெயிச்சுக் குடுங்கடான்னு கேட்டாரு, 12-6ன்னு ஜெயிச்சாங்க. கிப் சாகறப்போ நிஜமாவே அப்படிக் கேட்டானா, இல்ல கோச்சே கட்டின கதையான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல. 1940ல அதைப் படமா எடுத்தாங்க, கிப்பா நடிச்சவர் ரொனால்ட் ரீகன், பின்னாடி ஜனாதிபதி ஆனப்புறமும் அந்த வசனத்தை மேடைக்கு மேடை சொல்லிக்கிட்டு இருந்தாரு. அந்த ஒரு பத்து நிமிஷப் பேச்சைத்தான் நூறு விதமா திரும்பத் திரும்ப நமக்குக் காட்டிக்கிட்டு இருக்காங்க.

இப்போ மேல சொன்ன வுடனை எடுத்துக்கோங்க, அவருக்கு இந்த ஆவேசப் பேச்செல்லாம் பிடிக்காது. சீசனோட முதல் நாள் பசங்களை உக்கார வெச்சு சாக்ஸ் எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுப்பாரு. சுருக்கம் இருந்தா கொப்புளம் வரும், கொப்புளம் வந்தா பிராக்டிஸ் போச்சு, அதனால சாக்ஸை நல்லா இழுத்து விடு, லேஸை இறுக்கிக் கட்டு. கரீம் அப்துல் ஜப்பார் மாதிரி ஏழடி ஆளுங்களுக்கும் அதே பாடம்தான். தினம் பிராக்டிஸ்ல எத்தனை மணிக்கு எது, எத்தனை நிமிஷம்னு சின்ன அட்டைல எழுதி வெச்சுக்கிட்டு நிமிஷம் தவறாம நடத்துவாரு. இதைப் படம் பிடிச்சா யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா ஜெயிச்சது இப்படித்தான்.

கே: கத்தற கோச், நாற்காலியைத் தூக்கி எறியற கோச், இதெல்லாம் காமெடிக்காகக் காட்டறாங்களா?
மதுரை வாசகர்

ப: நாற்காலி நிஜம். 1985 பிப்ரவரி, இண்டியானா யுனிவர்சிட்டிக்கும் பர்டியூ யுனிவர்சிட்டிக்கும் பாஸ்கெட்பால் மேட்ச், ரெஃப்ரி மேல வந்த கோவத்துல இண்டியானா கோச் பாப் நைட் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து மைதானத்துக்குள்ள வீசினாரு, டிவில எல்லாரும் பாத்தாங்க. மூணு தேசிய சாம்பியன்ஷிப், 1976ல 32 மேட்ச்ல ஒண்ணு கூட தோக்காத டீம், பசங்க படிச்சு டிகிரி வாங்கியே ஆகணும்னு பிடிவாதம், எல்லாம் இருந்த மனுஷன்தான். ஆனா 1997 பிராக்டிஸ்ல ஒரு பையன் கழுத்துல கை வெச்ச வீடியோ 2000ல டிவில வந்துச்சு, அப்புறம் யுனிவர்சிட்டி கடைசி எச்சரிக்கை குடுத்தது, அதே வருஷம் செப்டம்பர்ல வேலையை விட்டு எடுத்தாங்க. கண்டிப்பு வேற கை வெக்கறது வேற, காலேஜ் பையன் திருப்பிப் பேசினா ஸ்காலர்ஷிப் போயிடுமோன்னு பயந்து நிக்கறப்போ அவன் கழுத்துல கை போறதை எத்தனை கோப்பை காமிச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

அதை விடப் பயங்கரமானது கத்தாத இடத்துல நடந்துச்சு. பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜோ பட்டர்னோ, 1966லேர்ந்து 2011 வரைக்கும் ஃபுட்பால் ஹெட் கோச், வாசல்ல வெண்கலச் சிலையே வெச்சிருந்தாங்க, சீரியல்ல வர்ற நல்ல தாத்தா கோச் மாதிரி ஊரே கொண்டாடினது. அவர்கிட்ட பல வருஷம் அசிஸ்டன்ட்டா இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி சின்னப் பசங்களை பாலியல் கொடுமை பண்ணது 2011ல வெளில வந்துச்சு. பட்டர்னோ காதுக்கு 2001லயே ஒரு புகார் வந்திருக்கு, மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு நிறுத்திக்கிட்டாரு, போலீஸுக்குப் போகல. வேலை போச்சு, ரெண்டே மாசத்துல கேன்சர்ல செத்துட்டாரு, சிலையையும் எடுத்துட்டாங்க. சாண்டஸ்கி 45 குற்றச்சாட்டுல குற்றவாளின்னு ஆகி ஜெயிலுக்குப் போனான். இதை எச்பிஓ 2018ல படமா எடுத்தது, அல் பசினோ பட்டர்னோவா நடிச்சாரு. பாருங்க, ஆனா தனியா உக்காந்து பாக்காதீங்க, மனசு கனத்துப் போகும்.

கே: பொம்பளை கோச்சே கிடையாதா? எந்த சீரியல் பாத்தாலும் ஆம்பளைங்களாவே இருக்காங்க.
கோவை கல்லூரி மாணவி

ப: இந்தக் கேள்விக்காகவே காத்துக்கிட்டு இருந்தேன்மா. பேட் சம்மிட்னு பேரை எழுதி வெச்சுக்கோ. 1974ல டென்னசி யுனிவர்சிட்டி பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு கோச் ஆனப்போ அவங்களுக்கு வயசு 22, மாசம் 250 டாலர். டீம் யூனிஃபார்மை அவங்களே துவைச்சாங்க, வேனை அவங்களே ஓட்டிக்கிட்டு மேட்சுக்குப் போனாங்க, அந்த யூனிஃபார்ம் கூட டோனட் வித்து சேத்த காசுல வாங்கினது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான், 1972ல, படிப்பு இடத்துல பெண்ணுன்னு ஒதுக்கக் கூடாதுங்கற டைட்டில் நைன் சட்டமே வந்திருந்தது. அங்கேர்ந்து 38 சீசன், 1,098 வெற்றி, எட்டு தேசிய சாம்பியன்ஷிப். கிளாஸ்ல முதல் மூணு வரிசைலதான் உக்காரணும், கட் அடிக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தாங்க, அவங்ககிட்ட முழுசா விளையாடி முடிச்ச ஒவ்வொரு பொண்ணும் டிகிரி வாங்கிச்சு.

1990ல நிறைமாச கர்ப்பிணியா, ஒரு பொண்ணை டீம்ல சேக்கறதுக்காக பென்சில்வேனியால அவங்க வீட்டுக்குப் போயிருக்காங்க. பேசிக்கிட்டு இருக்கறப்பவே பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. சின்ன பிளேன்ல திரும்பி வர்றப்போ வர்ஜீனியால இறக்கட்டுமான்னு கேட்டதுக்கு முடியாதுன்னுட்டாங்க, ஏன்னா அந்த வருஷம் இவங்க டீமைத் தோக்கடிச்சது வர்ஜீனியா! டென்னசி வந்து சேந்தப்புறம்தான் பையன் பொறந்தான். தேடிப் போன அந்தப் பொண்ணு மிஷெல் மார்சினியாக் முதல்ல வேற காலேஜுக்குப் போயிட்டு, அப்புறம் டென்னசிக்கே மாறி வந்து 1996ல இவங்களுக்காக சாம்பியன்ஷிப் ஜெயிச்சுக் குடுத்துச்சு.

2011ல அல்சைமர்னு டாக்டருங்க சொன்னாங்க, வயசு 59தான். மறைக்காம வெளில சொல்லிட்டு அதுக்கப்புறமும் ஒரு சீசன் முழுசா பெஞ்ச்ல வந்து உக்காந்தாங்க. 2016ல போயிட்டாங்க. இவங்களை மாதிரி ஒருத்தரை நடுவுல வெச்சு எட்டு ஒன்பது வருஷம் ஓடற சீரியலை எடுக்க இன்னும் யாருக்கும் தோணலயேன்னு எனக்கு ஆதங்கமா இருக்கு.

கே: டெட் லாஸோ சீரியல்ல அவர் இங்கிலாந்து வர்றதுக்கு முன்னாடி விச்சிட்டா ஸ்டேட் ஃபுட்பால் கோச்னு சொல்றாங்களே, அந்த டீம் இப்போ எப்படி ஆடுது?
புதுச்சேரி வாசகர்

ப: ஆடல. விச்சிட்டா ஸ்டேட் கேன்சஸ்ல நிஜமா இருக்கற யுனிவர்சிட்டிதான், ஆனா ஃபுட்பால் டீமை 1986லயே மூடிட்டாங்க.

கே: நடிப்பு இல்லாம நிஜ கோச்சையே காட்டற நிகழ்ச்சி எதாவது சொல்லுங்க.
நாகர்கோவில் வாசகர்

ப: நெட்ஃபிளிக்ஸ்ல 'லாஸ்ட் சான்ஸ் யூ', 2016ல ஆரம்பிச்சது. பெரிய காலேஜ்ல இடம் கிடைக்காதவங்க, மார்க் பத்தாதவங்க, ஏதோ தப்பு பண்ணி வெளியேத்தப்பட்டவங்க, இவங்கல்லாம் ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ்ல ஆடி திரும்ப மேல ஏறப் பாக்கற கதை. முதல் ரெண்டு சீசன் மிசிசிப்பில ஸ்கூபாங்கற சின்ன ஊர். அதுல கோச்சை விட என் மனசுல நின்னது பிரிட்டனி வாக்னர்ங்கற படிப்பு ஆலோசகர்தான், கிளாஸுக்குப் போ, பென்சில் இருக்கான்னு ஒவ்வொரு பையன் பின்னாடியும் அலைவாங்க.

அஞ்சாவது சீசன் ஓக்லாண்ட் லேனி காலேஜ், கோச் ஜான் பீம். வீடு இல்லாம கார்ல தூங்கற பையன் கூட அந்த டீம்ல உண்டு. பீம் திட்டுவாரு, ஆனா திட்டின கையோட அவன் சாப்பிட்டானா, எங்க தங்கறான்னு விசாரிப்பாரு. 2025 நவம்பர்ல அந்தக் காலேஜ் வளாகத்துக்குள்ளயே அவரைச் சுட்டுட்டாங்க, மறுநாள் இறந்துட்டாரு. அவர்கிட்ட விளையாடினவங்க எத்தனையோ பேர் வந்து அழுதாங்க. அந்த சீசனை இப்போ மறுபடி போட்டா என்னால பாதிக்கு மேல பாக்க முடியல.

கே: என் பையன் டென்னிஸ் ஆடறான். அமெரிக்கால ஒரு காலேஜ் கோச் வீடியோ கால்ல பேசினாரு, ஸ்காலர்ஷிப் தரேங்கறாரு, ரொம்ப நல்லா பேசறாரு. நம்பலாமா, என்ன கேக்கணும்?
திருச்சி தகப்பனார்

ப: முதல்ல வாழ்த்துக்கள் சார். இது நல்ல வழிதான். சென்னைல டென்னிஸ் கத்துக்கிட்ட சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்குப் போய் 2007, 2008 ரெண்டு வருஷமும் அமெரிக்கக் காலேஜ் ஒற்றையர் பட்டத்தை ஜெயிச்சுட்டு அப்புறம்தான் முழுநேர ஆட்டக்காரர் ஆனாரு.

நல்லா பேசறாருங்கறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, வீடு வீடாப் போய் பேசறது அவங்க வேலைல பாதி. ஸ்காலர்ஷிப் முழுசா, பாதியா, எத்தனை வருஷத்துக்குன்னு எழுத்துல கேளுங்க, ரொம்ப காலமா அங்க வருஷா வருஷம் புதுப்பிக்கற மாதிரிதான் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, பல வருஷத்துக்குக் குடுக்கலாம்னு 2012லதான் விதி மாறினது. அடிபட்டு ஒரு சீசன் ஆட முடியலன்னா பணம் நிக்குமா, வைத்தியச் செலவு யாரோடது, அதையும் கேளுங்க. கோச் நடுவுல வேற காலேஜுக்குப் போயிட்டா பையன் நிலைமை என்னன்னு கேக்க வெக்கப்படாதீங்க, அங்க இது அடிக்கடி நடக்கும். விளம்பரப் பணம், காலேஜ் தர்ற பங்குன்னு இப்போ நிறைய பேசுவாங்க, ஸ்டுடன்ட் விசால போறவனுக்கு அதுல சிக்கல் இருக்கு, அந்தக் காலேஜ் வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கேக்காம எதுக்கும் தலையாட்டாதீங்க. கடந்த நாலஞ்சு வருஷத்துல அவர் டீம்ல சேந்த பசங்க எத்தனை பேர் டிகிரி முடிச்சாங்கன்னு நேரா கேளுங்க, நல்ல கோச் சந்தோஷமா சொல்வாரு.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. இப்போ அந்த டீம்ல இருக்கற ஒரு பையன் நம்பர், அதை விட முக்கியமா டீம்ல அதிகமா ஆட வாய்ப்பு கிடைக்காத ஒரு பையன் நம்பர் கேட்டு வாங்கி, உங்க பையனை விட்டே பேசச் சொல்லுங்க, கோச் லைன்ல இல்லாத நேரமா பாத்து.